புதிதாக வந்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆலை மேலாளர் அவர்களுக்கும், மனிதவளத் துறையினருக்கும், மூன்று ஷிஃப்டின் பொறுப்பாளர்களுக்கும்,

இந்த மாதத் தொடக்கத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தீர்கள். புதிதாகச் சேரும் டிரெய்னிகளும் அப்ரண்டிஸ்களும் முதல் ஒரு மாதம் அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவரோடு நிற்கிற பழைய வழக்கத்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் நாளே தனி மெஷினில் விடுவது ஒன்று. யார் கையில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று பெயரும் போட்டோவும் போட்டு கேன்டீன் வாசலில் பலகை வைப்பது இன்னொன்று. இரண்டையும் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஷிஃப்ட் மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தோம். "நாலு நாள் திட்டு வாங்கினால் தானாகப் பழகிவிடுவார்கள்" என்றார்கள். மனிதவளத் துறையில் எழுதிக் கொடுத்ததற்குப் பதிலே இல்லை. நான் மெஷின் ஷாப்பில் செட்டர், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கிறவன். இருபது வருஷத்துக்கும் மேலாகப் புதுப் பையன்கள் இங்கே வருவதையும் போவதையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவன். நேரில் சொன்னது காதில் ஏறாததால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது. ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. யாருடைய வேலைக்கும் உலை வைப்பது என் நோக்கமல்ல.

போன வாரம் செகண்ட் ஷிஃப்ட் முடிகிற நேரம், சீவல் வண்டியைக் காலி செய்யப் போனவர் என்னைக் கூப்பிட்டார். கூலன்ட் சொட்டச் சொட்டக் கிடந்த இரும்புச் சீவலுக்கு அடியில், பனியன் வேஸ்டில் சுற்றிய புஷ்கள், அதாவது நடுவில் துளையுள்ள உருளைப் பீஸ்கள். பிரித்துப் பார்த்தேன். வெளி விட்டம் சரி, நீளம் சரி. துளையின் அளவு பார்க்கும் பிளக் கேஜை விட்டால், இறங்க வேண்டிய 'கோ' பக்கம் துளைக்குள் இறங்கவில்லை. துளை கடையும் போரிங் பாரில், வெட்டும் துண்டான இன்செர்ட்டின் முனை தேயும்போது நடப்பதுதான் இது. தேயத் தேயத் துளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வரும். மெஷின் ஓட்டுகிற எல்லாருக்கும் வருகிற பிரச்சினை. இப்படி வந்த பீஸ் வீண் கிடையாது. இன்செர்ட்டைத் திருப்பிப் போட்டு, டூல் எவ்வளவு நகர வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் ஆஃப்செட் எண்ணைச் சரி செய்து, அதே பீஸை மறுபடி சக்கில் (பீஸைக் கவ்விச் சுழற்றும் பிடி) பிடித்து ஓட்டினால் அளவுக்கு வந்துவிடும். என்னைக் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

அந்த மூட்டையிலேயே வேறு சில பீஸ்களும் இருந்தன. அவற்றில், இறங்கவே கூடாத 'நோ கோ' பக்கமே சிரமமில்லாமல் உள்ளே போனது. நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. துளை சிறுக்கிறது என்பதைப் பையன் கண்டுபிடித்திருக்கிறான். அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் யாரையும் கேட்காமல் ஆஃப்செட்டில் கை வைத்திருக்கிறான். 0.02 மி.மீ. என்று அடிக்க வேண்டிய இடத்தில் 0.2 என்று அடித்திருக்கிறான். துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் எந்த வைத்தியமும் கிடையாது, நேராக ஸ்கிராப்தான். காப்பாற்றக்கூடிய பீஸ்களை மறைத்தான், மறைக்கிற பதற்றத்தில் நல்ல பீஸ்களையும் கெடுத்தான்.

"ஏன்டா என்னைக் கூப்பிடல?" என்று கேட்டேன். "கூப்பிட்டா போர்டுல பேரு ஏறிடும்ண்ணா. சார் எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சுக் கேப்பாரு" என்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் மெஷினுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது.

இந்தப் பையன் சோம்பேறி இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர் (கடைசல் வேலை) முடித்தவன். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்து படிந்ததே, அதில் வலையும் படகும் நாசமான வீடுகளில் அவன் வீடும் ஒன்று. இனிமேல் ஆற்றை நம்ப முடியாது, நீயாவது மாசச் சம்பளத்துக்குப் போ என்று அனுப்பியிருக்கிறார்கள். அப்படி வருகிறவன் நம் ஆலையில் முதலில் கற்றுக்கொண்ட பாடம், தப்பு வந்தால் மறைக்க வேண்டும் என்பது.

இப்போது பலகைக்கு வருகிறேன். மாசக் கடைசியில் அதிலிருக்கும் எண்கள் குறைந்திருக்கலாம், அதைக் காட்டி முடிவு சரிதான் என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். 1990-களில் எமி எட்மன்ட்சன் என்கிற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை வார்டு வார்டாக ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கெடுப்பில் வந்தது நேர் எதிர். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே நர்ஸுகள் பயமில்லாமல் சொன்னார்கள், அதனால் எண்ணிக்கை கூடியது. கடுகடுப்பான தலைமை இருந்த இடத்தில் தவறுகள் வெளியே வரவே இல்லை. நம் ஷாப்பிலும் எண் குறைந்தால் சீவல் வண்டிக்கு அடியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இங்கே மறைத்தது அங்கே வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் போய் நிற்கும். அப்புறம் வருகிற புகாருக்கு மறுபடியும் ஒரு டிரெய்னியின் பெயரைத்தான் தேடுவீர்கள்.

நம் ஷாப்பின் சுவரெல்லாம் ஜப்பானிலிருந்து வந்த பாடங்கள். 5எஸ், கைசன், ஜீரோ டிஃபெக்ட் என்று எங்கே திரும்பினாலும் போஸ்டர். நல்லது. ஆனால் 1950-இல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு கற்றுக்கொடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகங்களுக்கு 14 அம்சங்கள் சொன்னார். ஆறாவது, வேலையிடத்திலேயே பயிற்சி கொடுங்கள் என்பது. எட்டாவது, பயத்தை விரட்டுங்கள் என்பது. பத்தாவது, குறையே இல்லாமல் செய் என்று தொழிலாளியைப் பார்த்துச் சொல்லும் கோஷங்களை எடுத்துவிடுங்கள் என்பது. குறைகளில் பெரும்பகுதி ஆலையின் ஏற்பாட்டில் இருக்கிறது, அதைத் தொழிலாளி தனியாகச் சரி செய்ய முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இந்த மாதம் நீங்கள் எடுத்த இரண்டு முடிவும் இந்த மூன்று அம்சங்களுக்கும் நேர் விரோதம். டொயோட்டா ஆலைகளில் லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும், கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து ஆளைக் கூப்பிடலாம். சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். இழுத்தவனை யாரும் திட்டுவதில்லை, டீம் லீடர் ஓடிவந்து என்ன பிரச்சினை என்று கேட்க வேண்டும். இங்கே மெஷினை நிறுத்தினால் "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்பதுதான் முதல் கேள்வி.

மேற்பார்வை செய்கிறவர்களைப் பற்றி இப்போது மனம் விட்டுச் சொல்கிறேன். மூன்று ஷிஃப்டிலும் மூன்று விதம்.

ஒருவர் கத்துகிறவர். வேலை தெரிந்தவர்தான். தினமும் மெஷினுக்கு மெஷின் வருவார், கேஜை வாங்கிப் பார்ப்பார், தப்பு இருந்தால் அந்த லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டுவார். "ஏரியா புத்தி எங்கே போகும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை. வியாசர்பாடி, காசிமேடு, கொடுங்கையூர் என்று முகவரி எழுதிக் கொடுத்தாலே இன்டர்வியூவில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வலி. சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்து வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வடசென்னையில் ஆலையை வைத்துக்கொண்டு, வடசென்னைப் பிள்ளைகளைக் குறைந்த உதவித்தொகைக்கு எடுத்துக்கொண்டு, அவர்களிடமே அந்த வார்த்தையைச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ரிஜெக்‌ஷனைப் பற்றிப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறோம். பிறந்த தெருவைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொருவர் மிக நல்லவர். யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் ஷிஃப்ட் ஆரம்பத்தில் பிளானைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குள் போனால், முடிகிற நேரம்தான் வருவார். புதுப் பையன்கள் ஆளாளுக்கு ஒன்று கேட்டுக் குழம்புவார்கள். அவர் ஷிஃப்டில் ஒருவன் சக்கின் பிரஷர் குறைவதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் ஓட்டியிருக்கிறான். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையாம். பீஸ் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

நைட் ஷிஃப்டில் இருப்பவரை ஒருநாள் நின்று கவனியுங்கள். கண்டிப்பானவர். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒருவனும் மெஷின் பக்கம் போக முடியாது. போன முறை அவர் ஷிஃப்டில் ஓர் அப்ரண்டிஸ் பெண்ணுக்கு ஆஃப்செட் புரியவில்லை. அவர் மெஷின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "இது துளை. டூல் உள்ளே இருக்கு. பிளஸ் போட்டா டூல் எந்தப் பக்கம் போகும்?" அந்தப் பெண் யோசித்து, கையால் காட்டியது. "அப்போ துளை என்னாகும்?" "பெருசாகும் சார்." "வெளிப்பக்கம் கடையும்போது பிளஸ் போட்டா?" கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு "அதுவும் பெருசாகும் சார்" என்றது. "அவ்வளவுதான். அடிக்கிறதுக்கு முன்னால புள்ளியை வாய்விட்டுப் படி. சந்தேகம் வந்தா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு, எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் இன்று அதே மெஷினில் தனியாக நின்று, தேய்ந்த இன்செர்ட்டைத் தானே பார்த்து மாற்றுகிறது. அவர் ஷிஃப்டில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறார்கள். அவர் லீவில் போனாலும் வேலை அதே மாதிரி நடக்கிறது.

இந்த மூன்று விதத்தையும் உலகம் ரொம்ப நாளாகவே அறியும். 1939-இல் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்து, குழுத் தலைவர்களை மூன்று விதமாக நடந்துகொள்ள வைத்தார்கள். அதிகாரம் செய்யும் தலைவர், கலந்து பேசும் தலைவர், கண்டுகொள்ளாத தலைவர். அதிகாரம் செய்தவர் அறையை விட்டு வெளியே போனதும் அங்கே வேலை படுத்துவிட்டது. பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள், ஒருவனைப் பலியாடாக்கி எல்லாருமாகச் சேர்ந்து வதைத்தார்கள். வேறு சிலர் எதிலும் ஒட்டாமல் மௌனமாகிவிட்டார்கள். கலந்து பேசியவரின் குழுவில் அவர் வெளியே போன பிறகும் வேலை நடந்தது. கண்டுகொள்ளாதவரின் குழுவில் வேலையும் நடக்கவில்லை, திருப்தியும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் மூன்று ஷிஃப்டும் கண்ணுக்குத் தெரிந்தன. அந்தக் குழந்தைகளுக்கு மாலையில் வீட்டுக்குப் போனால் முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு இது சோறு.

மூன்றாம் நாளே தனி மெஷின் என்பதில் இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் வேலையும் உடல்நலமும் பற்றி ஆராயும் நிறுவனம் ஒன்று பல வருஷமாகக் காயங்களின் கணக்கை ஆராய்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் அனுபவமுள்ளவரோடு ஒப்பிட்டால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவருக்கு, விடுப்பு எடுக்க வேண்டிய அளவுக்குக் காயம் படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்கிறது அது. சீவலைக் கொக்கியால் இழுக்க வேண்டும், கையால் இழுத்தால் பிளேடு மாதிரி அறுக்கும் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் பையனுக்குத் தெரியாது. சுழல்வது முழுசாக நின்ற பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்பதை நோட்டீஸில் படித்திருப்பான். பக்கத்தில் ஒருவர் நின்று பத்து தடவை தடுத்தால்தான் அது கைக்குப் பழக்கமாகும். காயம் அதிகம் படுகிற அதே முதல் மாதத்தில்தான் நீங்கள் பக்கத்து ஆளை எடுத்திருக்கிறீர்கள்.

உடம்பில் படுகிற காயம் ரெஜிஸ்டரில் ஏறும். மற்றது எதிலும் ஏறுவதில்லை. புதுப் பையன்கள் கேன்டீனுக்குப் போவதைக் குறைத்துவிட்டார்கள், பலகையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால். டீயும் பிஸ்கட்டுமாக ஷிஃப்டை ஓட்டிவிட்டு, ராத்திரி வீட்டில் போய்ச் சாப்பிடுகிறார்கள். தேரடி மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "அண்ணே, எம்புள்ள ராத்திரி தூக்கத்துல 'சார், சார்'னு பெனாத்துறான், அங்க என்னண்ணே நடக்குது?" என்று கேட்டார். வயிற்று வலி என்று வாரத்துக்கு ஒருநாள் லீவு போடுகிறவனை டாக்டரிடம் கூட்டிப்போனால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே முகம் மாறிவிடுகிறது என்று ஒருவனின் அக்கா சொன்னார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மறித்து நின்ற நாளில் பத்து நிமிஷம் லேட்டாக வந்த ஒரு பையன், கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மறுநாளிலிருந்து வரவில்லை. மனிதவளத் துறையின் ரெஜிஸ்டரில் அவனுக்கு நேரே 'தானாக நின்றுவிட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். அவன் தானாக நிற்கவில்லை ஐயா.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் உலகம் முழுவதும் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2022-இல் சொல்லின. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் மனநலத்தைக் கவனிக்க மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்ற பரிந்துரையும் இருக்கிறது. நம் ஆலையில் மேற்பார்வையாளர் ஆவதற்கு அப்படி ஒரு பயிற்சியும் கிடையாது. நல்ல ஆபரேட்டரை எடுத்து, மறுநாள் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்து, முப்பது பேருக்குப் பொறுப்பு என்று நிறுத்திவிடுகிறீர்கள். அவரும் அந்த வேலைக்குப் புதியவர்தான். காலை மீட்டிங்கில் அவரை நிற்க வைத்து நீங்கள் கேட்கிற கேள்வியும் குரலும் எங்களுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது. அதையே அவர் லைனுக்கு எடுத்துக்கொண்டு வருகிறார். ஆகவே கத்துகிறவரை மட்டும் குற்றவாளியாக்கி இதை முடித்துவிட வேண்டாம். அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

"நாங்களும் இப்படித் திட்டு வாங்கித்தானே மேலே வந்தோம்" என்று சீனியர்கள் சிலரே சொல்கிறார்கள். நானும் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னோடு சேர்ந்தவர்களில் என்னைவிடக் கை சுத்தமாக வேலை செய்த சிலர் அந்தத் திட்டைத் தாங்க முடியாமல் போய்விட்டார்கள். ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் உட்கார்ந்து, திட்டுதான் எங்களை ஆளாக்கியது என்று சொன்னால், போனவர்களின் சாட்சியம் எங்கே? எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் பயங்கரக் கண்டிப்பு. மைக்ரோமீட்டரைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் வீட்டுக்குப் போக விட மாட்டார். ஆனால் தப்பைச் சொல்ல வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்வார். அவரை யாரும் வெறுத்ததில்லை, அவரிடம் யாரும் பீஸை மறைத்ததும் இல்லை. நாங்கள் கண்டிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. நாலு பேர் எதிரில் கூனிக்குறுக வைக்காதீர்கள் என்கிறோம்.

சட்டத்தையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி கிடையாது. அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவரை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சியின் நலனுக்கோ பொதுநலனுக்கோ தேவை என்றால்தான் அந்த அனுமதியும் கிடைக்கும். இங்கே என்ன நடக்கிறது? "ரிஜெக்ட் ஆனதை ஈடு கட்டிவிட்டுப் போ" என்று ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிறுத்துகிறார்கள். கற்றுக்கொடுக்கிற ஆளை எடுத்துவிட்டு, கற்காததற்குத் தண்டனையாக நேரத்தையும் எடுக்கிறார்கள்.

இந்த ஊருக்கு இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூடி மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் உடன் நின்றார்கள். ஒழுங்காக அமைக்கப்பட்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறோம். அன்றைக்கு அவர்கள் சொன்ன குறைகளில் கூலி மட்டும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது ஒன்று, மேலே இருப்பவர்கள் மரியாதையில்லாமல் நடத்துகிறார்கள் என்பது இன்னொன்று. எங்கள் தாத்தாக்கள் அந்த மில்லின் சங்கு கேட்டு எழுந்தவர்கள். நிம்மதியாகச் சாப்பிடுவதையும் மரியாதையையும் அவர்கள் கேட்டு வாங்கிய அதே வடசென்னையில், ஒரு பையன் பலகைக்குப் பயந்து கேன்டீனுக்குப் போகாமல் இருக்கிறான் என்று நான் எழுத வேண்டி வந்திருக்கிறது.

நாங்கள் கேட்பது இவைதான். கேன்டீன் வாசல் பலகையை உடனே எடுங்கள். ரிஜெக்‌ஷன் கணக்கு வேண்டும் என்றால் மெஷின் எண், டூல், காரணம் என்று போடுங்கள், பெயரும் போட்டோவும் வேண்டாம். முதல் ஒரு மாதம் அனுபவமுள்ள ஆபரேட்டரோடு நிற்கிற வழக்கத்தை அடுத்த பேட்ச் சேருவதற்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த ஒரு மாதத்துக்குக் கற்றுக்கொடுக்கும் ஆபரேட்டரின் டார்கெட்டைக் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் பேருக்குத்தான் நடக்கும். சந்தேகம் வந்து மெஷினை நிறுத்துகிற டிரெய்னியை எதுவும் சொல்லக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டு ஒவ்வொரு லைனிலும் ஒட்டுங்கள். அப்ரண்டிஸ்களை ஷிஃப்ட் முடிந்த பிறகு நிறுத்துவது இன்றோடு முடிய வேண்டும். ஊரையும் சாதியையும் வீட்டையும் இழுத்துப் பேசினால் அது யாராக இருந்தாலும் நடவடிக்கை உண்டு என்று அறிவியுங்கள்.

மேற்பார்வையாளர்களுக்கு முறையான பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். நைட் ஷிஃப்ட் பொறுப்பாளரையே அதில் பேசச் சொல்லுங்கள், வெளியிலிருந்து யாரையும் தேட வேண்டாம். ஒரு ஷிஃப்டின் அவுட்புட்டைப் பார்க்கிற அதே மீட்டிங்கில், அந்த ஷிஃப்டில் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 'தானாக நின்றுவிட்டார்' என்று எழுதுவதற்கு முன்னால் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் அல்லது போனில் பேசிக் காரணம் கேட்டு அதையும் எழுத வேண்டும். கேட்டில் அழுதுவிட்டுப் போன பையனையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவனுக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை, கூப்பிட்டால் வருவான்.

இந்த மாதம் முடிவதற்குள் ஒரு கூட்டம் போடுங்கள். ஆபரேட்டர்கள், மேற்பார்வையாளர்களோடு அப்ரண்டிஸ்களிலிருந்தும் இரண்டு பேர் உட்கார வேண்டும். அவர்கள் என்ன பேசினாலும் அதற்காகப் பயிற்சிக் காலத்தில் கை வைக்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தேதியைச் சொன்னால் மூன்று ஷிஃப்டிலிருந்தும் வருகிறோம்.

இப்படிக்கு,
மெஷின் ஷாப் செட்டர்,
திருவொற்றியூர், சென்னை